விரிக்காத குடை

போர்ட்டோ அசூல்,
1974 மே 14

என் அருமை ஒரோவீதாவுக்கு,

அம்மாவின் ஆசிகள். நான் சுகமாக இருக்கிறேன். ஆறும் சுகமாகத்தான் இருக்கிறது; தினமும் கடைப்படி வரை வந்து என்னை விசாரித்துவிட்டுப் போகிறது. துணி மூட்டைகளையெல்லாம் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டேன். இந்த வருஷம் வெள்ளம் உள்ளே வராது என்று படகுக்காரர்கள் சொல்கிறார்கள். போன வருஷமும் அவர்கள்தான் சொன்னார்கள்.

உன் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தைப் பற்றி, சாவ் பாவ்லோ குளிரைப் பற்றி, பக்கத்து அறைப் பெண் உன் சட்டியை எடுத்து நமக்கு ஆகாத பன்றி இறைச்சியை வறுத்ததைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சட்டியை அவளுக்கே கொடுத்துவிட்டு நீ புதிதாக ஒன்று வாங்கிக்கொள். கடைசியில், உன் கையெழுத்துக்கு மேலே ஒரே ஒரு வரி இருந்தது: "அப்பாவின் நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிடாதே." அதைப் படித்தபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. லூனாவின் மகன் அங்கே வந்தபோது உன்னிடம் எதையோ உளறியிருக்கிறான் என்று புரிந்துகொண்டேன். அவன் அம்மா லூனாவின் வாய் அவனுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? சரி, அவனிடம் அரைகுறையாகக் கேட்டதை என்னிடம் முழுசாகக் கேட்டுக்கொள்.

முதலில் நாற்காலி. ஜெபஆலயத்தில் முதல் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், நீ விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது. அப்பா கண்ணை மூடிய பிறகும் அவருடைய பிரார்த்தனைச் சால்வைப் பை அதன் மேலேயே கிடக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் நான்தான் தூசி தட்டுகிறேன்.

அடுத்தது மிமோன் அஃப்லாலோ. அவரை நீ மறந்திருக்க மாட்டாய். காட்டிலிருந்து கொட்டை மூட்டைகளைப் படகில் ஏற்றி வந்து விற்பாரே, ஒரு தடவை உனக்கு ஆமைக்குட்டி கொண்டுவந்து கொடுத்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாரே, அவர்தான். அவருடைய குடையும் உனக்கு நினைவிருக்கும்.

வேதம் கிடைத்த நாளைக் கொண்டாடும் ஷவுவோத் பண்டிகைக் காலையில், ஜெபஆலயப் பால்கனியில் நாம் அடிக்கும் கூத்தை நினைத்துப் பார். நம் வேதமான தோரா தண்ணீருக்குச் சமம் என்று யாரோ சொல்லிவைக்கப் போய், தொழுகை முடிந்து வெளியே வருகிற ஆண்களின் தலையில் பெண்கள் மேலேயிருந்து வாளி வாளியாக ஊற்றுவோம். அவளவள் புருஷன் தலையில் அவளவள். உன் அப்பா பூனை மாதிரி சுவரோரமாக நழுவப் பார்ப்பார். நீ கம்பியில் தொங்கிக்கொண்டு, "அம்மா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!" என்று காட்டிக் கொடுப்பாய். ஒரு வருஷமாவது அவர் காய்ந்த தலையோடு வீட்டுக்கு வந்ததுண்டா?

மிமோனுடைய மனைவி ரெய்னா இறந்துபோன மறு வருஷம், அவர் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தண்ணீர் ஊற்ற ஆளில்லாததை ஊர் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். பண்டிகை நாளில் குடை விரிப்பது கூடாரம் அடிப்பதற்குச் சமம், பாவம் என்று தொழுகை நடத்துகிற ஹசான் சத்தம் போட்டார். மிமோன் அசரவில்லை. "நான் எங்க இன்னிக்கு விரிச்சேன்? நேத்து சாயங்காலம் பண்டிகை தொடங்குறதுக்கு முன்னாடியே விரிச்சு வாசல்ல வச்சுட்டேன். இப்ப சும்மா தூக்கிட்டுப் போறேன்" என்றார். ஹசானுக்கு அதற்குமேல் சட்டம் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஷவுவோத்துக்கும் முந்தின சாயங்காலமே அந்தக் கறுப்புக் குடை வாசல் மண்டபத்தில் விரிந்து உட்கார்ந்துவிடும். உள்ளே போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

கொஞ்ச நாளாக மிமோன் நம் கடைக்கு அடிக்கடி வருகிறார். அவர் வாங்கிய சட்டைத் துணியில் ஒரு படகுக்கே பாய் தைக்கலாம். உடம்பில் இருப்பது என்னவோ அதே பழைய நீலச் சட்டைதான். போன வாரம் வந்து, துணியைத் தொடாமல், தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னார்: "தோனா லெதீசியா, இந்த ஷவுவோத்துக்கு நான் குடை வைக்கப் போறதில்ல. பால்கனிக்குக் கீழே வந்து நிப்பேன். நனைஞ்சா வீட்டுக்குப் போய் சட்டை மாத்திக்கிட்டு, மத்தத உங்ககிட்ட வந்து பேசுறேன். நனையலன்னா அடுத்த படகுல பெலேமுக்கு மகன் வீட்டுக்குப் போயிடுறேன். ரெண்டுல எதுன்னாலும் உங்கமேல எனக்கு வருத்தம் கிடையாது." சொல்லிவிட்டு, பழக்கம் விடாமல் அரை கஜம் துணியும் வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் வரவில்லை, ஒரோவீதா. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்து எதையோ பாடிக்கொண்டிருந்தேன் என்று கடைப்பெண் சொன்னாள்.

கோபம் மறுநாள் வந்தது. நம் சபைத் தலைவர் ரூபென், அதுதான் லூனாவின் புருஷன், மருந்துக்கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடி வந்தார். "இங்க பாரு லெதீசியா, நாம இப்ப சரியா பத்து ஆம்பளைங்க. மிமோன் பெலேமுக்குப் போயிட்டா ஒன்பது, பத்துக்குக் குறைஞ்சா சபைத் தொழுகையே கிடையாது. ஒன்பது பேரை வச்சுக்கிட்டு நான் தோராச் சுருளைத் திறக்கவா, இல்ல சீட்டு ஆடவா? நீ ஒரு வாளி தண்ணி ஊத்தினா ஜெபஆலயம் பொழைக்கும். ரூத் கதையில போவாஸ்கூட ரூத்தைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி பத்துப் பேரை உக்கார வச்சான்ல? நாங்க பத்துப் பேரும் ரெடி" என்றார். அந்தப் பத்தில் மாப்பிள்ளையையும் சேர்த்து எண்ணுகிறாரா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

அவர் போன பிறகு ஹசானின் மனைவி வந்தாள். அப்புறம் லூனா வந்தாள், கையில் கேக்கோடு. எல்லார் வாயிலும் அதே பத்துதான். ஒருத்தராவது, "லெதீசியா, உனக்கு அந்த ஆளைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்கவில்லை. கூரை ஒழுகும் இடத்தில் கொண்டுபோய் வைக்க நான் என்ன சட்டியா? மிமோன் தானாக வந்தாரா, இல்லை இவர்கள் தள்ளிவிட்டு வந்தாரா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. சபைக்காக என்னைக் கேட்டிருந்தால் எனக்கு வேண்டாம். ஒன்பது பேராகவே போகட்டும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் பண்டிகை முடிந்திருக்கும். அதனால் உன் அனுமதி கேட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. கேட்காமல் எழுதுகிறேன் என்றும் நினைக்காதே. கம்பளிச் சட்டை போட்டுக்கொள். பண்டிகைக்குப் பாலில் செய்தது எதையாவது சாப்பிடு, ஒரு கிண்ணம் தயிராக இருந்தாலும் சரி.

கடவுள் உன்னைக் கண்ணின் மணிபோலக் காக்கட்டும்.

உன் அம்மா,
லெதீசியா


போர்ட்டோ அசூல்,
1974 மே 29

என் கண்ணே ஒரோவீதா,

நீ பல்லாண்டு வாழ்ந்து பல ஷவுவோத்துகள் காண வேண்டும். இரண்டு நாள் பண்டிகை நேற்று சாயங்காலத்தோடு முடிந்தது. எழுதக்கூடாத நாட்களில்தான் எழுத வேண்டியதெல்லாம் நடக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. எறும்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அலங்காரத்துக்கு ரூபென் இந்த வருஷம் தானே படகில் போய் பனையோலை வெட்டி வந்தார். ஜெபஆலயம் முழுக்கப் பச்சையாகக் கட்டித் தொங்கவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓலையோடு சிவப்பெறும்புக் கூடு ஒன்றும் வந்திருக்கிறது என்பது சாயங்காலத் தொழுகையில், எல்லாரும் வாய் பேசாமல் நிற்க வேண்டிய இடத்தில், தெரிந்தது. ஹசான் ஒரு காலில் நின்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர் முழங்காலைச் சொறிந்துகொண்டே கண்ணை மூடி வேண்டினார். மேலே பெண்கள் மாடத்தில் நாங்கள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினோம். லூனா, "இன்னிக்குத்தான் எல்லாரும் உருகி உருகி வேண்டுறாங்க" என்றாள்.

ஆனால் அதற்கு முன்பே, உள்ளே நுழையும்போதே, நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். வாசல் மண்டபத்து மூலை காலியாக இருந்தது. குடை இல்லை. பழக்கதோஷத்தில் எல்லாரும் இல்லாத குடையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். பண்டிகை தொடங்கிவிட்டது, இனி அவர் நினைத்தாலும் விரிக்க முடியாது.

தொழுகை பாதி நடந்துகொண்டிருந்தபோது கீழே ஒரு புது ஆள் நுழைந்தான். மூக்குக்கண்ணாடி, கையில் பெட்டி, சேறு அப்பிய காலணி. சுகாதார நிலையத்துக்கு அரசாங்கம் அனுப்பிய புது டாக்டராம். பெயர் பெர்னார்டோ ரொய்ட்மன், போர்ட்டோ அலெக்ரேக்காரன், நம் ஆள். அப்போதுதான் படகிலிருந்து இறங்கி, விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து நேரே வந்திருக்கிறான். ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது என்பதால், ரூபென் உடனே அந்தப் பத்து வார்த்தை வேத வசனத்தைச் சொல்லி, ஆளுக்கு ஒரு வார்த்தையாக எண்ணினார். வசனம் தீர்ந்தும் ஒரு ஆள் மிச்சம் நின்றார். ரூபென் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தனக்கே ஆண் குழந்தை பிறந்த மாதிரி இருந்தார்.

அடுத்து நடந்ததைக் கவனமாகப் படி. டாக்டருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். காலியாகக் கிடந்த முன்வரிசை நாற்காலியைப் பார்த்து, அப்பாவின் சால்வைப் பையை ஒதுக்கிவிட்டு உட்காரப் போனான். மேலே நான் கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். ரூபென் வாயைத் திறக்கவில்லை. பதினோராவது ஆளை யார் விரட்டுவார்கள்? பின்வரிசையிலிருந்து மிமோன் எழுந்து போய், டாக்டர் தோளில் கை வைத்து, மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் அந்தக் கூடத்தில் எல்லாம் மேலே கேட்கும். "அங்க ஆள் இருக்காரு, டாக்டர். இசாக்னு பேரு. வெளியூர் போயிருக்காரு. நீங்க என் பக்கத்துல வந்து உக்காருங்க." பையை எடுத்துத் தூசி தட்டி, இருந்த மாதிரியே திரும்ப வைத்தார்.

நான் அழுதேன், ஒரோவீதா. லூனா எறும்பு கடித்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் மாடிப்படியில் ரூபென் என்னைப் பிடித்துக்கொண்டார். "லெதீசியா, இனிமே உனக்கு ஒரு நிர்ப்பந்தமும் கிடையாது. டாக்டருக்கு ரெண்டு வருஷம் இங்கதான் வேலை. மிமோன்கிட்டயும் சொல்லிட்டேன், போகணும்னா தாராளமா போகலாம்னு. உன் இஷ்டம்மா" என்றார். நான் கேட்டதும் அதைத்தானே? இருந்தாலும், ஒரே ராத்திரியில் என் மவுசு இப்படி இறங்கிப்போனதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். லூனாகூட அன்று முழுக்க டாக்டருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதைப் பற்றித்தான் பேசினாள். உனக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன், அவ்வளவுதான், நான் அதில் தலையிட மாட்டேன்.

பத்துக் கட்டளைகளை வாசிக்க எல்லாரும் எழுந்து நின்றோம். அதற்கு முன்னால் தோராச் சுருள் இருக்கும் பேழையின் கதவைத் திறந்து வைத்து, கடவுளுக்கும் நமக்கும் நடந்த கல்யாணத்தின் ஒப்பந்தத்தை ஹசான் ராகம் போட்டு வாசித்தார். எத்தனையோ வருஷமாகக் கேட்கிறேன். இந்தத் தடவைதான் மணப்பெண் என்ன பதில் சொன்னாள் என்பதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சீனாய் மலையடியில் நம் முன்னோர்கள் முதலில் "செய்கிறோம்" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் "கேட்கிறோம்" என்றார்கள். விலை கேட்காமல் துணி எடுக்கிற மாதிரி. அவசரக்காரர்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

தொழுகை முடிந்தது. பெண்களெல்லாம் பால்கனிக்கு ஓடினார்கள். நான் வழக்கம்போல உள்ளே பீப்பாய்ப் பக்கம் நின்று வாளிகளை நிரப்பிக் கொடுத்தேன். அப்பா போன பிறகு எனக்கு அதுதான் வேலை. லூனா ரூபென் தலையில் ஊற்றினாள். அவள் ஊற்றிய வேகத்தில் எறும்புக் கணக்கும் சேர்ந்து தீர்ந்தது. டாக்டர் தன்மேல் தெறித்ததும் அண்ணாந்து பார்த்து, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டான். தெருவே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது மிமோன் வாசலுக்கு வந்தார்.

பக்கத்துக் கதவு திறந்துதான் இருந்தது. அந்த வழியாகப் போயிருக்கலாம். இப்போது அவரை யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் அவர் தேவையும் இல்லை. அவர் சால்வையை மடித்து டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, பால்கனிக்கு நேர் கீழே வந்து நின்றார். மேலே பார்க்கவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தார், நம் கடைத் துணி. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதலில் பின்னால் கட்டினார், அப்புறம் முன்னால் கட்டினார்.

லூனாவுக்காக நிரப்பிய வாளி என் கையில் இருந்தது. கம்பிவரை போய்விட்டேன், அதற்குமேல் கை வரவில்லை. சுவரோரமாக நழுவுகிற உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். "இந்தப் பக்கம் அம்மா" என்று காட்டிக் கொடுக்க நீயும் பக்கத்தில் இல்லை. லூனாதான் கத்தினாள்: "ஊத்துடி! அந்த மனுஷன் நின்னு நின்னு வேர் விட்டுடப் போறாரு!"

ஊற்றிவிட்டேன்.

தண்ணீர் மட்டும் போயிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். பிடி நழுவி வாளியும் கூடவே போய்விட்டது. நேராக அவர் தோளில் இறங்கியது. ஐயோ என்று நான் போட்ட சத்தம் அக்கரைவரை கேட்டிருக்கும். மிமோன் சொட்டச் சொட்ட நின்றபடி, தோளைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக மேலே பார்த்தார். "தண்ணி போதும் லெதீசியா. வாளியை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கலாம்" என்றார். மரியாதைக்குப் போடுகிற தோனா போய்விட்டதைக் கவனித்தாயா? நான் கவனித்தேன்.

இந்த ஊரில் புது டாக்டருக்கு முதல் நோயாளி அவர்தான். எலும்பு ஒன்றும் முறியவில்லை, வீக்கம் மட்டும். மத்தியானம் ரூத் கதை வாசிக்கக் கூடியபோது கையைத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டையில், கல்யாண மாப்பிள்ளை மாதிரியே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். கதை முடிந்ததும் எல்லாருக்கும் பால்சோறும் எருமைப்பால் பாலாடைக்கட்டியும் நான்தான் பரிமாறினேன். அவருக்கு மட்டும் அதிகம் வைத்தேன் என்று லூனா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கை அடிபட்டவருக்குக் கொஞ்சம் அதிகம் வைப்பது தப்பா?

நேற்று பண்டிகை முடிந்ததும் கடைக்கு வந்தார். நீ எழுதிய அந்த ஒரு வரியை அவரிடம் சொன்னேன். "பொண்ணு சொல்றது சரிதான். அந்த நாற்காலி இசாக்கோடது. எனக்குப் பின்வரிசைதான் பழக்கம், அங்கதான் காத்து வரும்" என்றார். போகும்போது சொன்னார்: "கல்யாண ஒப்பந்தம் எழுத ஹசான் ரெடியா இருக்காரு. நான் வேண்டாம்னுட்டேன். ஒரோவீதா பதில் வரட்டும். அது வர்ற வரைக்கும் நான் உன் கடைக்கு வர்ற வாடிக்கைக்காரன்தான்." அரை கஜம் துணி கேட்டார். இந்தத் தடவை நான் விற்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன், கண்ணே. மலையடியில் நின்றவர்களைப் போல நானும் முதலில் செய்துவிட்டேன், இப்போதுதான் உன்னைக் கேட்கிறேன். கோபமிருந்தால் கோபத்தோடே எழுது. நீளமாக எழுத வேண்டாம். ஒரு வரி போதும். ஒரு வரியில் எழுத உனக்கு நன்றாக வருகிறது. சம்மதமென்றால் விடுமுறைக்கு வந்துவிடு, நீ வந்த பிறகுதான் கல்யாணப் பந்தல் போடுவோம். பால்கனியில் உன் பழைய இடம் காலியாகத்தான் இருக்கிறது. நாற்காலியையும் நீயே வந்து துடைத்துப் பார்.

மிமோனுடைய குடை இப்போது நம் கடையில், தையல் மெஷினுக்குப் பின்னால், மடக்கியபடி சாய்ந்திருக்கிறது. இனி வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று கொடுத்துவிட்டுப் போனார். நீ வேண்டாம் என்று எழுதினால் அதை நான் அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மழைக்காலம் முடியப்போகிறது, மகளே. கொடுக்க வைத்துவிடாதே.

உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் நீ போகும் வழியெல்லாம் உன்னோடு வரட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும் உன் அம்மா,
லெதீசியா